கடைசிப் படகின் தொப்பி

வேன் கதவை அவள் சாத்திய சத்தத்தில் ஆற்றங்கரையில் நின்றிருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாத்தினாள் என்று மரியாதைக்காகச் சொல்கிறோம். அறைந்தாள் என்பதுதான் சரி.

“கையெழுத்துப் போட்டியா?” என்று அண்ணன் டிரெய்லரின் மறுபக்கத்திலிருந்து கேட்டான். கயாக்குகளைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

“பேனா எழுதல.”

“என் பேனா தரட்டுமா?”

“அதையும் நீயே வெச்சுக்கோ. என் கையெழுத்தையும் நீயே போட்டுக்கோ. மத்ததெல்லாம் நீதானே எழுதினே?”

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்தும் தொழில் இது. கூட்டமாக வருபவர்களை ஒற்றை ஆள் கயாக்கிலும் இரண்டு பேர் உட்காரும் கேனோவிலும் ஏற்றி, பதினான்கு கிலோமீட்டர், ஏழு வளைவு, ஆற்றின் அழகையெல்லாம் காட்டிக் கீழே கரையேற்றி அனுப்ப வேண்டும். முதல் படகு அண்ணனுடையது. கடைசிப் படகு தங்கையுடையது. பத்து வருடமாக எல்லோருக்கும் பின்னால் வந்து வந்து, அவளுக்கு ‘வால்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியதால் அவளும் ஆட்சேபிக்கவில்லை.

கடைசிப் படகுக்காரியின் தலையில் எப்போதும் ஓர் ஆரஞ்சுத் தொப்பி இருக்கும். ஒவ்வொரு வளைவையும் தாண்டியதும் அண்ணன் கூட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். தொப்பி தெரிய வேண்டும். அவள் துடுப்பைத் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்க வேண்டும். பதிலுக்கு அவனும் தூக்கிக் காட்ட வேண்டும். அவன் பதில் காட்டும்வரை அவள் நகரக் கூடாது. அவள் தூக்கும்வரை அவன் நகரக் கூடாது. மழை கொட்டினாலும் இதுதான் சட்டம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், மூன்றாவது வளைவை எட்டுமுன், ஒரு கயாக் சாய்ந்த மரத்தில் சிக்கிக்கொண்டது. வால் தண்ணீரில் குதித்தாள். குதிக்கும் முன் தொப்பியைக் கழற்றி, பக்கத்துக் கேனோவில் இருந்த அண்ணியிடம், “கொஞ்சம் பிடிங்க” என்று கொடுத்தாள். கயாக்கை அவள் விடுவித்து முடிப்பதற்குள், வளைவுக்கு அப்பால் காத்திருக்க வேண்டிய அண்ணன் போயே போய்விட்டான். அண்ணியும் ஒரு டெய்லர் மாஸ்டரும் இருந்த கேனோ, ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் வழிகாட்ட ஆளில்லாமல் இடப்பக்கம் திரும்பியது. உடைந்த தடுப்புச் சுவரில் மோதியது. மாஸ்டரின் வலது மணிக்கட்டு முறிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கதை நடமாடுகிறது. “தொப்பி வளைவைத் தாண்டி வந்ததை நான் கண்ணால பார்த்தேன். வந்துட்டு நீ திரும்பிப் போயிருக்கே” என்பது அண்ணனுடையது. “நான் வரவே இல்ல, தொப்பி அண்ணிகிட்ட இருந்துச்சு” என்பது வாலுடையது. அண்ணியைக் கேட்டார்கள். “மடியிலதான் வெச்சிருந்தேன்” என்றாள் அண்ணி. மடியில் கிடந்த தொப்பி தூரத்திலிருந்து தெரியாது, அப்படியானால் அண்ணன் பார்த்தது வாலின் தலையில்தான். அத்துடன் வாலின் கதை படுத்துவிட்டது.

நாளை திங்கட்கிழமை. கடைசிப் படகுக்காரி தன் இடத்தை விட்டு நகர்ந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று ஆற்று அலுவலகத்துக்கு அண்ணன் கடிதம் அனுப்பப் போகிறான். அது போய்ச் சேர்ந்தால் அவளுடைய படகோட்டி அனுமதி பறிபோகும். ‘ஆமாம், நகர்ந்தேன்’ என்று அவளே எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையுமாம். அந்தக் காகிதம்தான் இப்போது வேனின் முன் பெட்டிக்குள், கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

இன்றைக்கு வந்திருப்பது அன்றைய கூட்டமேதான். பாதியில் நின்ற பயணத்தை முடித்துக் கொடுப்பதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அண்ணி வேன் பக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் படகில் கால் வைக்கவில்லை. வேனைக் கீழ்க்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காத்திருப்பாள்.

“தொப்பி எடுத்துக்கிட்டியா வாலு?” என்று கேட்டாள், ஜாக்கெட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டு.

“எடுத்துக்கிட்டேன் அண்ணி. இந்தத் தடவை யார் மடியிலயும் வைக்கிறதா இல்ல.”

அண்ணியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு பூட்டை மாட்டியது. ஏதாவது சொல்வாள் என்று வால் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று வாரமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், இந்த மௌனத்தோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எல்லோரும் படகேறும் நேரத்தில் ஒரு சின்ன இழுபறி நடந்தது. டெய்லர் மாஸ்டர் கட்டுப் போட்ட கையை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். வேண்டாம் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விடும் வழக்கம் தன் கடையில் கிடையாது என்றார்.

“மாஸ்டர், நீங்க என் பக்கத்துல வாங்க. இரட்டைப் படகா எடுத்துக்கிறேன்” என்றான் அண்ணன், அவசரமாக.

“வேண்டாம் தம்பி. நான் கடைசிப் படகுலயே வர்றேன். முன்னாடி போறவருக்குப் பின்னாடி விழறது யாருன்னு தெரியறதில்ல.”

கரை முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மாஸ்டர் வாலின் கேனோவில் முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னிருக்கையில் அவள் ஏறி, கரையை ஓர் உதை உதைத்தாள். படகுக்குத் தேவைப்பட்டதைவிட அந்த உதை பெரியது.

ஆறு அன்றைக்கு அநியாயத்துக்கு அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. கொக்கு ஒன்று படகு நெருங்க நெருங்க இடம் மாறி முன்னால் போய் உட்கார்ந்தது. முன்னால் போனவர்கள் ‘அடடா’ போட்டுக்கொண்டே போனார்கள். வாலுக்கு அந்த அழகு எரிச்சலைத்தான் கிளப்பியது. இனிமேல் இதை வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்றால், எதற்கு இத்தனை பகட்டு?

முதல் வளைவில் தொப்பி தெரிந்தது, துடுப்பு உயர்ந்தது, அண்ணன் பதில் காட்டினான். இரண்டாவது வளைவிலும் அப்படியே.

“தண்ணி மேல என்னம்மா அவ்வளவு கோபம்? அடிக்கிற அடியில எனக்குச் சட்டை நனையுது” என்றார் மாஸ்டர், திரும்பாமல். கேனோவில் முன்னால் இருப்பவர் சும்மா சும்மா திரும்பக் கூடாது என்று அன்றைக்கே கற்றுக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்.” துடுப்பை மெதுவாக்கினாள். “இன்னொண்ணுக்கும் மன்னிச்சுக்கோங்க. ஆஸ்பத்திரிக்கு நான் வந்திருக்கணும்.”

“வருவீங்கன்னுதான் பார்த்தேன். உங்களுக்கு வேலை தலைக்கு மேல கிடக்குன்னு அண்ணன் சொன்னார்.”

“என்னைப் பார்த்தா உங்களுக்கு ஆத்திரம் வரும், அந்தப் பக்கமே போகாதேன்னு எங்கிட்ட சொன்னான்.”

“எனக்கா? உங்க மேலயா?” மாஸ்டர் கற்றதை மறந்து திரும்பிவிட்டார். கேனோ ஓர் ஆட்டம் ஆடியது. “என்னைச் சுவத்துலேர்ந்து பிரிச்சு எடுத்துக் கரை சேர்த்ததே நீங்கதானேம்மா?”

வால் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டாள்.

மூன்றாவது வளைவு வந்தது. சாய்ந்த மரம் அங்கேயே, எதுவுமே நடக்காதது மாதிரி சாய்ந்திருந்தது. அதைத் தாண்டி ஆறு பிரியும் இடத்தில் அண்ணன் படகைக் குறுக்கே போட்டு, விசிலை ஊதி ஊதி, ஒவ்வொருவரையும் வலப்பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினான். இன்றைக்கு அவனைப் பார்த்தால் பாடப் புத்தகத்தில் படமாகப் போடலாம்.

நான்காவது வளைவுக்குக் கீழே மணல் திட்டில் எல்லோரும் இறங்கினார்கள். ரொட்டியும் பழமும் கை மாறின. மாஸ்டர் இடது கையால் பையைத் துழாவிப் போனை எடுத்தார்.

“இது அன்னிக்குத் தண்ணில விழுந்துச்சு இல்லையா? செத்துப்போச்சுன்னுதான் நினைச்சேன். கடைக்காரர் வியாழக்கிழமைதான் உயிர் கொடுத்துக் கொடுத்தார். படமெல்லாம் அப்படியே இருக்கு. பாருங்க, உங்க அண்ணி எவ்வளவு ஜோரா இருக்காங்க.”

வால் பார்த்தாள்.

மாஸ்டர் முன் இருக்கையிலிருந்து பின்னால் திரும்பி எடுத்த படம். அண்ணி வாய் கொள்ளாத சிரிப்போடு இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து வால் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பின்னால் மூன்றாவது வளைவு, வெறும் தண்ணீராக, ஆளில்லாமல் கிடந்தது. துடுப்பு அவள் மடியில் கிடந்தது. ஆரஞ்சுத் தொப்பி அவள் தலையில் இருந்தது.

“நான்தான் போட்டுக்கச் சொன்னேன். வெயில்ல அந்தக் கலர் எடுப்பா இருந்துச்சு. துணிக்காரன் கண்ணு, என்ன பண்றது? ஏம்மா, நல்லா இல்லையா?”

“இதை யார்கிட்டயாவது காட்டினீங்களா மாஸ்டர்?”

“யாரும் கேக்கலையே. தொப்பிதானேம்மா?”

தொப்பிதான். அண்ணன் கண்ட தொப்பி. அவன் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தி ‘மடியில்’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, மூன்று வாரமாக இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறாள்! வாலுக்குக் காதுவரை சூடு ஏறியது. அண்ணிக்குப் போன் போடலாம் என்று எடுத்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விசில் ஊதியது. கிளம்பும் நேரம்.

“மாஸ்டர், இந்தப் போன் கரை சேர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்.”

ஐந்தாவது வளைவு. முன்னால் போனவர்கள் எல்லோரும் திரும்பி முடித்து, தண்ணீர் தேங்கி நிற்கும் ஓரத்தில் கூடினார்கள். அண்ணன் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தான். வாலின் கேனோ வளைவைத் தாண்டி வந்து நின்றது.

அவள் தொப்பியைக் கழற்றினாள். நான்காக மடித்தாள். துடுப்பை இறக்கி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் கை காட்டினான். அவள் அசையவில்லை. ஒரு விசில் ஊதினான். இரண்டு விசில். மூன்று. கூட்டத்தில் இருந்த முடிதிருத்துகிறவர், “என்ன ஆச்சு? கடைசி வண்டி பஞ்சரா?” என்று குரல் கொடுத்தார். யாரோ சிரித்தார்கள். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. தொப்பியைப் பார்க்காமல் அவன் நகர முடியாது. அதுவும் இன்றைக்கு, இந்தப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நகரவே முடியாது.

கடைசியில் அவனே கயாக்கைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

“என்ன விளையாட்டு இது? தொப்பி எங்க?”

“மடியில.”

அண்ணன் அவள் மடியைப் பார்த்தான். ஆரஞ்சு நிறம் அங்கே இருந்தது. அவள் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவன் பார்த்தான். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும், திகைப்பு வரும், ‘ஐயோ, தப்புப் பண்ணிட்டேனே’ என்பான் என்று காத்திருந்தாள். அதில் எதுவும் வரவில்லை. திருடனிடம் பையைத் திறந்து காட்டச் சொன்னால் வருமே, அந்தக் களைப்புதான் வந்தது.

“உனக்குத் தெரியும்” என்றாள்.

தண்ணீர் படகுகளின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

“எப்போலேர்ந்துடா தெரியும்?” பத்து வருடத்தில் அவள் அவனை ‘டா’ போட்டதில்லை.

“அன்னிக்குச் சாயங்காலமே. வீட்டுக்கு வந்து அழுதா. எல்லாத்தையும் சொல்லிட்டா.”

“மடியிலன்னு சொல்லச் சொன்னது?”

“நான்தான்.”

மாஸ்டர் முன்னிருக்கையில் சிலையாக உட்கார்ந்து கொக்கைத் தேடினார். கொக்குகூட எழுந்து போயிருந்தது.

“கத்தாதே, எல்லாரும் பார்க்கறாங்க” என்றான் அண்ணன். அவள் இன்னும் கத்தவே ஆரம்பிக்கவில்லை. “யோசிச்சுப் பாரு. தொப்பி மட்டும் போதாது, துடுப்பும் பார்க்கணும்னு சட்டம். நான் துடுப்பைப் பார்க்காம கிளம்பிட்டேன். இது வெளியில வந்தா என் அனுமதி போயிடும். முதல் படகு இல்லைன்னா ஒருத்தரையும் ஆத்துல இறக்க விடமாட்டாங்க. மொத்தமா மூடணும். உன்னோடது போனா... பின்னாடிக்கு இன்னொரு ஆளைப் போட்டுக்கலாம்.”

“இன்னொரு ஆளை.”

“உன்னை விட்டுட மாட்டேன். வேன் இருக்கு, ஆபீஸ் இருக்கு...”

“ஏன் பார்க்கல?”

“என்னது?”

“துடுப்பை ஏன் பார்க்கல? பத்து வருஷமா ஒவ்வொரு வளைவுலயும் நான் தூக்கறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், ஏன் பார்க்கல?”

அண்ணன் தன் துடுப்பின் நுனியில் வடிந்த தண்ணீரைப் பார்த்தான். “ரொம்ப நாளாவே பார்க்கறதில்ல” என்றான். “நீ பின்னாடி இருப்பேன்னு தெரியும். எப்பவும் இருந்திருக்கே. அதனால கலர் தெரிஞ்சா போதும்னு போயிடுவேன்.”

கை வலிக்க வலிக்க அவள் தூக்கிய துடுப்புகள் எத்தனை! அத்தனையும் அவன் முதுகுக்குத் தூக்கியதா? பதிலுக்கு அவன் காட்டியதெல்லாம் வெறும் பழக்கமா? அண்ணி சொன்ன பொய்யைக்கூட அவளால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

“அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடு. நாளைக்கு அது போகக் கூடாது.”

“அது...” அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டான். “நாளைக்குன்னு உனக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன்.”

வால் அவன் கயாக்கை ஒரு கையால் பிடித்து இழுத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து மாஸ்டர், “அம்மா, அம்மா” என்றார். அவள் அடிக்கவில்லை. மடியிலிருந்த தொப்பியை விரித்து, அண்ணன் தலையில் காது மறையும்வரை அழுத்தினாள்.

“பின்னாடி வா. இனிமே நீதான் வால். முன்னாடி நான் போறேன்.”

“வாலு, கேளு...”

“திரும்பிப் பார்ப்பேன். நான் பார்க்கறவ.”

மற்றப் படகுகளைக் கடந்து அவள் முன்னால் போனபோது எல்லோருக்கும் வேறு பக்கம் பார்க்க ஏதோ இருந்தது. பஞ்சர் கேட்டவர்கூடத் தன் துடுப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆறாவது வளைவைத் தாண்டியதும் அவள் திரும்பினாள். தொப்பி தெரிந்தது. துடுப்பு உயர்ந்தது. அரைகுறையாகத் தூக்கினான். நேராகத் தூக்கும்வரை அவள் பதில் காட்டவில்லை.

கீழ்க்கரையில் அண்ணி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். ஏழாவது வளைவில் முதலில் வந்தது வாலின் கேனோ. அவள் தலையில் தொப்பி இல்லை. அண்ணி அதைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், கேனோவின் மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

மாஸ்டர் இறங்கி, நேராக வேன் பக்கம் போனார். விவரமான மனிதர்.

“படம் பார்த்தேன் அண்ணி.”

“ம்.”

“மூணு வாரம்! பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன். ராத்திரி தூக்கம் வரலைன்னு உங்ககிட்டதானே வந்து அழுதேன்? என் தலையைத் தடவிக் கொடுத்தீங்களே, அந்தக் கைக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“திட்டு” என்றாள் அண்ணி. “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். திட்டிட்டு வா, ஒண்ணு காட்டணும்.”

வேனின் முன் பெட்டியைத் திறந்தாள். கையெழுத்தில்லாத காகிதத்துக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். அண்ணன் கையெழுத்தில் ஆற்று அலுவலக முகவரி. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“வெள்ளிக்கிழமை என்கிட்டதான் கொடுத்து அனுப்பினார்” என்றாள் அண்ணி. “நான் கொடுக்கல. வேற ஒண்ணு எழுதி, நேர்ல போய்க் கொடுத்துட்டு வந்தேன். தொப்பி என் தலையிலதான் இருந்துச்சுன்னு எழுதினேன். துடுப்பைப் பார்க்காம அவர் போனதையும், மடியிலன்னு சொல்லச் சொன்னது அவர்தான்ங்கறதையும் எழுதினேன். என் கையெழுத்தும் இருக்கு.”

வால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் அனுமதி தன்னிடமே இருக்கிறது என்பது மெதுவாகத்தான் உறைத்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம். வேறொன்றுதான் வாயில் வந்தது.

“மூணு வாரம் கழிச்சா அண்ணி?”

“மூணு வாரம் கழிச்சுத்தான். அதுக்கும் சேர்த்துத் திட்டு.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நாளைக்குக் காலையில அலுவலகத்துலேர்ந்து வர்றாங்க. முதல்ல அவரோட அனுமதியைத்தான் கேப்பாங்க.”

மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை தட்டின. ஆட்கள் இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றி, இடுப்பை நெட்டி முறித்தார்கள். வால் தன் துடுப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் விளிம்புக்குப் போனாள். கடைசிப் படகு வரும்வரை முதல் படகு அங்கேதான் நிற்க வேண்டும். அண்ணியும் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஏழாவது வளைவில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அண்ணன் படகை நிறுத்தினான். துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினான். இந்த முறை குறுக்காக, நேராக, ஓர் அங்குலம் பிசகாமல் தூக்கினான். பதிலுக்காகக் காத்தான்.

வால் துடுப்பைத் தூக்கவில்லை.

நேரம் போனது. தூரத்தில் அவன் கைகள் நடுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. இறக்கவும் முடியாமல், வரவும் முடியாமல் நின்றான்.

“தூக்கு வாலு” என்றாள் அண்ணி. “பாவம், கை வலிக்கும்.”

“வலிக்கட்டும்” என்றாள் வால்.